சிற்றினம்

அக்கா, கொஞ்சம் ஜன்னல் பக்கமாக நகர்ந்துகொள்கிறீர்களா? நான் இந்த ஓரத்திலேயே இருந்துகொள்கிறேன். காற்றெல்லாம் வேண்டாம். வெளியே இருந்து யாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்களும் நாகர்கோவில்தானே? நல்லது. கடைசி வரைக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார்கள் என்றால் மனசுக்குத் தெம்பு.

ஐயோ, திரும்பிப் பார்க்காதீர்கள்! நான் சொல்கிறேன், நீங்கள் நேரே பார்த்துக்கொண்டே கேளுங்கள். பின்னால், ஆண்கள் பக்கம், நீலக் கட்டம் போட்ட சட்டை. மடியில் செய்தித்தாள் சுற்றி நீளமாக ஏதோ வைத்திருக்கிறான். திருநெல்வேலியில் வண்டி எடுத்ததிலிருந்து கண்ணை இந்தப் பக்கம்தான் வைத்திருக்கிறான். இமைக்கக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறான் அக்கா. நீளமாகச் சுற்றி வைத்திருந்தால் அது என்னவாக இருக்கும்? நம்ம ஊரில் கேட்கவா வேண்டும்?

சிரிக்காதீர்கள். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. இருங்கள், இருங்கள், நான் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். நடுவில் யாராவது பேசினால் எனக்குக் கோர்வை அறுந்துவிடும். மேடையிலும் அப்படித்தான்.

என் பெயர் அறிவுக்கொடி. சத்தமாகச் சொல்லக் கூடாது, அதனால்தான் காதுக்குப் பக்கத்தில் வருகிறேன். அப்பா வைத்த பெயர். அப்பா நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், கோயில் குளம் என்று எதற்கும் போகமாட்டார். அம்மா அவருக்கும் சேர்த்துப் போய்க்கொள்வாள். நான் திருநெல்வேலியில் விடுதியில் தங்கி விலங்கியல் முதுகலை படிக்கிறேன். விடுதிக் காப்பாளர் அம்மா காலையில் கூப்பிட்டு, "ஒரு வாரம் ஊர்ல போய் இரும்மா, இங்க கேட்டுல நிக்குறவனுவளுக்கு என்னால பதில் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார். பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே போனில் ஒரு செய்தி வந்தது. தெரியாத எண். என்ன எழுதியிருந்தது தெரியுமா? "மத்தியான வண்டியிலதான ஊருக்குப் போற? வால் பத்திரம்."

நான் மத்தியான வண்டியில் போவது அவனுக்கு எப்படித் தெரியும் அக்கா? அதைப் படித்ததிலிருந்து வண்டியில் ஏறுகிற ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு நாகர்கோவில் கொடுங்க அண்ணாச்சி. இந்தாங்க, சில்லறை சரியா இருக்கு. அக்காவுக்கா? பின்னால் எடுத்தாயிற்றா? சரி சரி, எடுத்தாயிற்றாம்.

எங்கே விட்டேன்? ஆமாம், வால். வாலில்தான் எல்லாம் தொடங்கியது. எங்கள் கல்லூரியில் ஒரு விவாத மேடை போட்டார்கள். "மனிதன்: படைப்பா, பரிணாமமா?" படைப்பு பக்கம் கணிதத்துறை கிதியோன். தெற்கே ஏதோ ஊர். பரிணாமம் பக்கம் நான். வேறு யாரைப் போடுவார்கள்? நான் பேசினால் எதிரே இருப்பவன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான் என்று பேராசிரியர்களே சொல்லுவார்கள்.

ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எப்போதும் கருத்தைத்தான் அடிப்பேன். ஆளை அடிக்கமாட்டேன். தனிப்பட்ட தாக்குதல் என்பது சரக்கில்லாதவர்கள் வேலை. அதைத் தொடங்கியதே கிதியோன்தான். மேடையேறியதும் என்ன சொன்னான் தெரியுமா? "எங்க தாத்தா ஊர்ல தலையாரியா இருந்தாரு. இந்த அக்காவோட தாத்தா வாலோட இருந்தாராம். அது அவங்க குடும்ப விஷயம், நாம தலையிடக் கூடாது." அரங்கமே சிரித்தது. அதோடு விட்டானா? "அக்கா குதிக்கிறதப் பாத்தா மரத்த விட்டு எறங்கி ரொம்ப நாள் ஆன மாதிரி தெரியல" என்றான். ஒரு பெண்ணைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள். இல்லை, இப்போது வேண்டாம், அப்புறம் சொல்லுங்கள்.

நான் எழுந்தேன். அமைதியாகத்தான் எழுந்தேன். "எல்லாரும் அண்ணனோட தாடைய ஒரு தடவ நல்லாப் பாத்துக்கிடுங்க. எங்க துறை அருங்காட்சியகத்துல ஒரு அலமாரி காலியாத்தான் கெடக்கு" என்றேன். கிதியோனுக்குத் தாடை ஒரு பக்கமாக இழுத்து, கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இது தனிப்பட்ட தாக்குதலா? தாடையைப் பற்றிப் பேசுவது உடற்கூறியல் அக்கா. நாங்கள் பாடமாகப் படிக்கிறோம். சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்து அடிபட்ட தாடை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நெற்றியிலா எழுதி ஒட்டியிருந்தான்?

அதற்கப்புறம் அவன் விஷயத்துக்கு வந்தான். "ஆண்டவரு ஒவ்வொண்ணயும் அது அது ஜாதியாத் தனித்தனியா உண்டாக்குனாரு. ஆட்டு ஜாதி மாட்டு ஜாதியாகாது" என்றான். அவர்கள் சபைத் தமிழில் விலங்கு வகைக்கு ஜாதி என்றுதான் சொல்லுவார்கள். எனக்கும் தெரியும், என் பள்ளிக்கூடத் தோழிகளில் பாதிப் பேர் சபைக்காரர்கள். ஆனால் மேடை என்று ஏறிவிட்ட பிறகு, எதிராளி வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து விழுந்தால் விட்டுவிட முடியுமா? மைக்கைப் பிடுங்கிவிட்டேன். "கேட்டீங்களா! ஜாதிய உண்டாக்குனதே ஆண்டவன்தானாம்! ஒரு ஜாதி இன்னொரு ஜாதியாகாதாம்! இது விவாத மேடையா, ஜாதிச் சங்கக் கூட்டமா?"

விசில் என்றால் விசில்! கிதியோன் எழுந்து, "நான் அதச் சொல்லல, நான், வகை, வகையத்தான்" என்று திணறுகிறான். தாடை ஆடுகிறது, வார்த்தை வரவில்லை. நான் விடவில்லை. விட்டால் வாதம் எப்படி ஜெயிக்கும்? அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் "ஜாதியா, ஜாதியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் கூட்டத்தைப் பார்த்து ஒரே வரி சொன்னேன். "இவ்வளவு சொல்லியும் புரியலன்னா அண்ணன் நம்ம கூட்டமே இல்ல. இவரு தனிச் சிற்றினம்!"

சிற்றினம் என்றால் என்ன அக்கா? பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறதே! தங்களுக்குள் கூடி இனம் பெருக்கும் உயிர்களின் கூட்டம். புலி ஒரு சிற்றினம், பூனை ஒரு சிற்றினம், மனுசன் ஒரு சிற்றினம். நீங்களும் நானும் பின்னால் உட்கார்ந்திருக்கிறானே அந்தக் கடன்காரனும் ஒரே சிற்றினம். எவ்வளவு அழகான வேடிக்கை அது! விலங்கியல் பிள்ளைகள் எல்லாம் மேசையைத் தட்டினார்கள்.

ஆனால் பின்வரிசையில் தமிழ்த்துறைப் பையன்கள் இருந்தார்கள். பழைய தமிழில் சிற்றினம் என்றால் கீழ்மக்களாம். ஒருத்தன் எழுந்து, "ஏல, அவன் சாதிய ஈன சாதிங்கா!" என்று கத்தினான். அவ்வளவுதான். யாரோ எடுத்த வீடியோவில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிப் பரப்பிவிட்டார்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் கையை நீட்டி அவனைப் பார்த்து "இவரு தனிச் சிற்றினம்" என்கிறேன், அரங்கம் சிரிக்கிறது, முடிந்தது. கீழே எழுதியிருக்கிறார்கள்: "சாதித் திமிர்." எனக்கா சாதித் திமிர்? அவன் என்ன சாதி என்றே எனக்குத் தெரியாது! ஒரு மனுசி சொன்ன சொல்லை இழுத்து, திரித்து, அவள் நினைக்காத பொருளை அதில் ஏற்றி ஊரைக் கூட்டுவது என்ன நியாயம்? இதைவிட அயோக்கியத்தனம் உலகத்தில் இருக்கிறதா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஜாதி என்ற சொல்லா? அது வேறு அக்கா. அது வாதத் திறமை.

மறுநாளே போன் வர ஆரம்பித்தது. எடுத்தால் "ஊ ஊ" என்று குரங்குச் சத்தம். முதல் நாள் நானும் தோழிகளும் சிரித்தோம். அப்புறம் என் படத்துக்கு வால் வைத்து ஒன்று. "அறிவு கொடியில தொங்குது" என்று என் பெயரை உடைத்து ஒன்று. விடுதி வாசலில் ஒரு வாழைத்தார், அதில் என் படம். அதற்கும் சிரித்தோம், பழத்தைக்கூடச் சாப்பிட்டோம். பிறகு ஒருநாள் காலையில் என் அறை ஜன்னலுக்கு நேர் வெளியே, மரத்தில் ஒரு சுருக்குக் கயிறு தொங்கியது. வெறும் கயிறுதான், படமில்லை, எழுத்தில்லை. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குளியலறைக்குப் போனால்கூடத் தோழி ஒருத்தி வெளியே நிற்க வேண்டும். போன் அதிர்ந்தால் என் முதுகும் சேர்ந்து அதிர்கிறது.

கிதியோனா? அவன் கல்லூரிக்கே வருவதில்லை. எங்கள் தரப்புப் பையன்கள் அவன் தாடையைக் குரங்கு மண்டையோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் போட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அவன் அம்மா வந்து விடுதியைக் காலி செய்து கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம். வாதத்தில் தோற்றவன் ஓடத்தானே செய்வான்? என்னைப் போல நின்று தாக்குப்பிடிக்க எத்தனை பேரால் முடியும்?

வள்ளியூர் வந்துவிட்டதா? இறங்குகிறானா பாருங்கள். இல்லை, நீங்கள் பார்க்காதீர்கள், நான் போன் கண்ணாடியில் பார்க்கிறேன். இறங்கவில்லை. அங்கேயேதான். இப்போது தாடையில் கையை வைத்துக்கொண்டு பார்க்கிறான். சினிமா வில்லன் தோற்றுப்போவான். என்ன முகம் அக்கா அது! ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சிறுத்துக்கொண்டு!

எதற்குக் கையைப் பிடிக்கிறீர்கள்? பயமாக இருக்கிறதா? பயப்படாதீர்கள். உங்களை ஒன்றும் செய்யமாட்டான், அவனுக்கு நான்தான் வேண்டும். அதுவும் இல்லாமல் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வண்டி கிளம்பிய உடனேயே ஒரு காரியம் செய்துவிட்டேன். என்னைப் படம் எடுப்பது மாதிரி போனைத் தூக்கி, பின்னால் அவன் முகம் விழுவது மாதிரி ஒன்று எடுத்தேன். தெளிவாக விழுந்திருக்கிறது. எங்கள் பகுத்தறிவு மாணவர் வட்டம் என்று ஒரு குழு இருக்கிறது, நூற்றுக்கணக்கில் ஆட்கள். அதில் போட்டுவிட்டேன். "என்னைக் கொல்ல ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மடியில் அரிவாள். தாடையைப் பாருங்கள், பரிணாமத்தில் விடுபட்ட கண்ணி இதோ கிடைத்துவிட்டது." அந்தக் கடைசி வரி சும்மா, பயத்திலும் நகைச்சுவை உணர்வை விடக் கூடாது என்று.

அடுத்த நிமிடமே கொட்டத் தொடங்கிவிட்டது. "இவன் கிதியோனுக்குச் சித்தப்பனா?" என்று ஒருத்தன். "அண்ணாச்சி வாய்க்குள்ள தேங்காய ஒளிச்சு வச்சிருக்காரு" என்று ஒருத்தி. எனக்கே அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. தமிழினியன் அண்ணன் இருக்கிறார், நாகர்கோவிலில் எங்கள் வட்டத்தை நடத்துகிறவர். "தங்கச்சி, நீ தைரியமா வா. வடசேரி பஸ் ஸ்டாண்டுல நாங்க நிக்கோம். அந்த மூஞ்சிய எறங்கும்போதே கவனிச்சுக்கிடுதோம்" என்று குழுவில் குரல்பதிவு போட்டிருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இன்னொன்றும் செய்து வைத்திருக்கிறேன். அந்த வீடியோவுக்காகக் கல்லூரியில் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லி நெருக்கினார்கள், அப்போதே குழுவில் எழுதிவிட்டேன். "இனி நான் பின்வாங்கினால், மன்னிப்புக் கேட்டால், விட்டுவிடுங்கள் என்று சொன்னால், அது நானில்லை. மிரட்டி வாங்கியது. நம்பாதீர்கள்." எப்படி? எல்லா வாசலையும் அடைத்துவிட்டேன்.

ஏன் அக்கா முகம் இப்படி மாறுகிறது? என்ன, சொல்லுங்கள். இல்லை, ஒரு நிமிஷம், அவன் எழுந்துவிட்டான். அக்கா! எழுந்துவிட்டான்! பொட்டலத்தைச் சீட்டில் வைத்துவிட்டு வருகிறான். இல்லை, எடுத்துக்கொண்டான். கையில் எடுத்துக்கொண்டுதான் வருகிறான். கம்பியைப் பிடித்துப் பிடித்து வருகிறான். கையை விடாதீர்கள். நான் கத்துவேன். நான் கத்தினால் நீங்களும் கத்துங்கள். என் பக்கத்தில் வந்து நிற்கிறான். குனிகிறான்.

என்ன?

"ஏளா, பையில மாத்திர இருக்கா, பல்லு உசிர வாங்குது" என்றா கேட்டார்? யாரிடம் கேட்கிறார்? உங்களிடமா?

உங்கள் வீட்டுக்காரரா?

பொட்டலம்? மகளுக்கு முருங்கைக்காயா? மாசமாக இருக்கிறாளா? வீட்டு மரத்துக் காயா?

நீங்கள் ஏன் முதலிலேயே சொல்லவில்லை அக்கா? திருநெல்வேலியிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொல்ல வந்தீர்களா? நான் விடவில்லையா? எத்தனை தடவை? சிரித்தீர்களே தவிர... சரி. சரி, சரி. இப்போது அதற்கு வாதம் வேண்டாம். என் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள் அண்ணாச்சியை. பின்னால் போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், நான் நின்றுகொள்கிறேன்.

அதை அழித்துவிடுகிறேன். இதோ, இப்போதே. சிக்னல் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்தாலே இப்படித்தான், காற்றாலைக் காற்றாடி மட்டும் சுற்றும், போன் செத்துவிடும். சுற்றுகிறது, சுற்றுகிறது. அண்ணாச்சி என்ன பார்க்கிறார்? ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள் அக்கா. என் போனை வாங்கி அவர் படத்தை அவரிடமே காட்டாதீர்கள். காட்டாதீர்கள்.

வந்துவிட்டது. தோவாளை தாண்டியாயிற்று, இப்போது எடுக்கிறது. அழித்துவிட்டேன். ஆனால் ஐந்தாறு குழுவுக்குப் போய்விட்டது, எங்கள் குழு இல்லை, எனக்குத் தெரியாத குழுக்கள். யாரோ முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். நான் எழுதுகிறேன் பாருங்கள்: "இவர் அப்பாவி. என் பக்கத்து சீட்டு அக்காவின் கணவர். பல்வலி. கையில் இருப்பது முருங்கைக்காய். தயவுசெய்து விட்டுவிடுங்கள்." போட்டுவிட்டேன்.

பதில் வருகிறது. "முருங்கைக்காயா? ஹா ஹா." "தங்கச்சி கழுத்துல கத்தி இருக்கு." "அவள் எழுதியது இல்லை இது, மிரட்டி எழுத வைத்தது. அவளே சொல்லியிருக்கிறாள்."

போன் போடுகிறேன். தமிழினியன் அண்ணே, நான்தான் பேசுறேன், நல்லாருக்கேன், யாரும் மிரட்டல, கேளுங்கண்ணே. அண்ணே, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேளுங்க. அது அவரு இல்ல. இல்லண்ணே, நான் வந்து, அந்த, அண்ணே! பேச விடமாட்டேன் என்கிறார் அக்கா. வாயைத் திறந்தால் "தெரியும் தங்கச்சி, தெரியும், பக்கத்துலதான நிக்கான்" என்கிறார். வைத்துவிட்டார்.

அக்கா, வடசேரி வந்துவிட்டது. அந்தப் பெரிய கூட்டம் தெரிகிறதா, டீக்கடைக்கு முன்னால்? எனக்கு அதில் நாலு முகம்தான் தெரியும். மற்றவர்கள் யாரென்றே தெரியவில்லை. ஒருத்தன் போனைப் பார்க்கிறான், வண்டியைப் பார்க்கிறான். கண்டக்டர் அண்ணாச்சி, நிறுத்தாதீங்க! கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்துங்க! கேட்கவில்லை அவருக்கு.

அந்தப் பொட்டலத்தை என்னிடம் கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன். இந்தாங்க என் துப்பட்டா. சட்டை தெரியாமல் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். முகத்தையும் சேர்த்து மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். நம் இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்து வரட்டும்.

என்ன கேட்கிறார்?

"மூஞ்சிய மூடணும்னா, வீக்கம் அவ்வளவு கேவலமாவா தெரியுது தாயி?" என்றா கேட்கிறார்?

நீங்கள் சொல்லுங்கள் அக்கா. நீங்களே பேசுங்கள். நான் ஒன்றும் பேசவில்லை.